போதையில் விழுந்தவனின் வீட்டை ஊர் தள்ளி வைக்கும் முன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கோயில் நிருவாக சபைகளுக்கும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வண்ணக்கர்மாருக்கும், நம்பிக்கையாளர் சபைத் தலைவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

போதைப்பொருளுக்கு எதிராக நம் ஊர்களில் எடுக்கப்படும் தீர்மானங்களைப் பற்றி உங்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது. விற்கிறவனைப் பொலிசில் பிடித்துக் கொடுப்போம் என்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பாடசாலை வாசலில் நின்று பிள்ளைகளுக்கு விற்கிறவனுக்கு ஊர் இரக்கம் காட்டத் தேவையில்லை. ஆனால் அதே தீர்மானத்தில் பாவிக்கிறவனும் சேர்ந்து வருகிறான். அவனுடைய வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது, மரண உதவிச் சங்கத்திலிருந்து குடும்பத்தின் பெயர் வெட்டப்படும், தங்கச்சியின் கலியாணத்துக்கு நிருவாகத்தின் கடிதம் கிடைக்காது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். எல்லா ஊரிலும் இப்படி இல்லை. ஆனாலும் ஒரு ஊர் செய்ததைப் பார்த்துப் பக்கத்து ஊரும் செய்கிறது.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வைத்திய வாட்டிலும் மனநல வாட்டிலும் இருந்திருக்கிறேன். குடியாலும் ஹெரோயின் தூளாலும் மாத்திரையாலும் வந்து படுத்தவர்களை நடுச்சாமத்தில் பார்த்துக்கொண்டவள். பெரிய படிப்பாளி என்று சொல்லி இதை எழுதவில்லை. உங்கள் தீர்மானத்தில் ஒரு பிழை இருக்கிறது, அந்தப் பிழையால் உயிர் போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

போதை ஒரு ஆளை இரண்டு விதமாகக் கட்டிப்போடுகிறது. ஒன்று உடம்பிலே இரசாயனம் போடுகிற கட்டு. மற்றது மனம் பழகிக்கொண்ட கட்டு. முதலாவது பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் அவிழ்ந்துவிடும், ஆனால் அவிழும் நேரத்தில் சிலருடைய உயிரையே எடுத்துவிடும். இரண்டாவது வெளியே தெரியாது, வருடக்கணக்கில் கிடக்கும். உடம்புக்கு மருந்து வேண்டிய நேரத்தில் நாங்கள் வைராக்கியத்தைக் கேட்கிறோம். மனதுக்கு ஆள் துணை வேண்டிய நேரத்தில் ஊரை விட்டு ஒதுக்குகிறோம். இரண்டு இடத்திலும் தவறான சாமானைக் கையில் எடுக்கிறோம்.

முதலில் குடியைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது எல்லோரும் ஐஸ் (மெத்தம்பெட்டமின்), ஹெரோயின் என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் என் காலத்தில் வாட்டுக்கு வந்தவர்களில் கூடுதலானவர்கள் சாராயத்தாலும், கள்ளமாகக் காய்ச்சிய கசிப்பாலும் வந்தவர்கள்தான். கொடியேற்றம் தொடங்கியதும் ஒருவர் நேர்த்தி வைத்து, காப்புக் கட்டி, அன்றோடு குடியை நிறுத்துவார். இன்னொரு வீட்டில் தம்பிமார் சேர்ந்து அண்ணனை அறைக்குள் பூட்டி வைப்பார்கள். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் வருடக்கணக்காக நாள் முழுக்கக் குடித்த ஆள் சடுதியாக நிறுத்தினால் ஆறு, ஏழு மணித்தியாலத்தில் கை நடுங்கத் தொடங்கும். வேர்வை ஊற்றும், நித்திரை வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊருது என்பார், கட்டிலுக்குக் கீழே ஆள் இருக்குது என்பார், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். பேய் பிடித்துவிட்டது, நேர்த்தியில் குறை வந்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். பார்வை பார்த்து, தண்ணீர் ஓதிக் கொடுத்து, எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும்போது சிலர் கடைசி நிலையில் இருப்பார்கள்.

இது ஏன் நடக்கிறது? மதுசாரம் மூளையை அமைதிப்படுத்துகிற பொருள். அது தினமும் வந்துகொண்டிருந்தால் அதை ஈடுகட்ட மூளை தன் விழிப்பைக் கூட்டிக்கொண்டே போகும். தோணியின் ஒரு பக்கத்தில் பாரம் ஏற்றியிருந்தால் ஆள் மறுபக்கம் சாய்ந்து இருப்பார் அல்லவா? பாரத்தை ஒரேயடியாக எடுத்தால் தோணி கவிழ்வது ஆள் சாய்ந்திருந்த பக்கத்துக்குத்தான். வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் அப்படிக் கவிழ்கிற கவிழ்ப்புத்தான். இதற்கு மருந்து இருக்கிறது. டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள், அது இல்லாவிட்டால் ஞாபகமும் நடையும் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். சேலைன் ஏற்றுவார்கள். சில நாளில் ஆள் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாததால் சாகிற சாவு வீண் சாவு. ஆகவே குடியை நிறுத்த வைக்கும் முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அறையில் பூட்ட வேண்டாம் என்று உங்கள் ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொல்லுங்கள். நேர்த்தியும் இருக்கட்டும், அதோடு டொக்டரும் இருக்கட்டும். நித்திரை மாத்திரைக்கு நெடுநாள் பழகியவருக்கும் இதே ஆபத்து உண்டு.

ஹெரோயின் வேறு மாதிரி. கடைசியாக எடுத்து எட்டு, பன்னிரண்டு மணித்தியாலத்தில் தொடங்கும்: மூக்கால் வடியும், கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், வயிற்றைப் பிசையும், வாந்தி, வயிற்றோட்டம், எலும்பு முறிகிற மாதிரி உளைவு. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஒரு கிழமையில் பெரும்பாலும் தணிந்துவிடும். பொதுவாக இது உயிரை எடுக்காது, ஆனாலும் வயிற்றோட்டத்தால் உடம்பு நீர் வற்றாமல் பார்க்க வேண்டும். ஐஸ் எடுத்தவனுக்கு இப்படி உடம்பு முறியாது. நாள் கணக்காகத் தூங்குவான், எழும்பிச் சாப்பிடுவான், பிறகு மனம் குப்புற விழும். அந்த நாட்களில் தற்கொலை எண்ணம் வரும், கவனமாக இருங்கள். ஐஸ் பாவிக்கும்போது வருகிற சந்தேகமும் காதில் கேட்கிற குரலும் சிலருக்கு நிறுத்தியும் கொஞ்ச நாள் நிற்கும். அதற்கு மனநல கிளினிக் வேண்டும்.

சரி, இதுவரை சொன்னது உடம்புக் கதை. உடம்புதான் முழுக் காரணம் என்றால் கந்தக்காடு போன்ற ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் மாதக்கணக்கில் இருந்து, ஒரு துளி போதையும் உடம்பில் இல்லாமல், சதை வைத்து வீட்டுக்கு வருகிற பொடியன் ஏன் திரும்ப அதில் விழுகிறான்? இந்தக் கேள்விக்கு ஊர் ஒரு பதில் வைத்திருக்கிறது: “அவனுக்கு வெட்கம் ரோசம் இல்லை.” எனக்குத் தெரிந்த பதிலை நான் சொல்கிறேன்.

ஹெரோயினுக்குப் பழகிய தாயின் வயிற்றில் இருந்து பிறக்கிற குழந்தைக்கு ஒன்றிரண்டு நாளில் நடுக்கம் வரும். கீச்சென்று அழும், பால் குடிக்காது, தும்மும். அந்தக் குழந்தையின் உடம்பு போதைக்குப் பழகியிருக்கிறது, ஆனால் அதற்கு ஆசை என்று ஒன்று இல்லை. தேடிப் போகாது. மெல்ல மெல்ல மருந்தைக் குறைத்தால் சுகமாகி வளரும். புற்றுநோய் வலிக்கு மோர்ஃபின் எடுக்கிறவரும் அப்படித்தான். உடம்பு பழகிவிடும், ஆனால் தேவை முடிந்து டொக்டர் அளவைக் குறைக்கும்போது அவர்களில் பெரும்பாலோர் அதைத் தேடி அலைவதில்லை. இதற்கு நேர்மாறாக, தொலைபேசியில் பந்தயம் கட்டி வீட்டு உறுதியை அடகு வைத்தவனைப் பாருங்கள். அவன் உடம்புக்குள் எந்த இரசாயனமும் போகவில்லை. ஆனாலும் பொய், கடன், களவு, நடுச்சாம விழிப்பு எல்லாம் தூள் பாவிக்கிறவனுக்கு வருகிற அதே வரிசையில் வருகிறது. அமெரிக்க மனநல வைத்தியர்கள் 2013இல் தங்கள் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது சூதாட்டத்தைக் குடிக்கும் போதைக்கும் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். உடம்பு பழகுவது ஒன்று, மனம் சிக்குவது வேறொன்று. பல பேருக்கு இரண்டும் சேர்ந்து வருவதால் நாங்கள் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம்.

இதற்கு ஒரு பெரிய சாட்சி வியட்நாம் யுத்தத்தில் இருக்கிறது. 1971இல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெரோயின் தண்ணீராய் ஓடியது. லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பி வந்தவர்களைத் தேடித் தேடிச் சந்தித்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே அதற்கு அடிமையாக இருந்தார்கள். அமெரிக்கா முழுதும் பயந்தது, இத்தனை பேரும் ஊருக்கு வந்தால் என்னாகும் என்று. ஆனால் அடிமையாக இருந்தவர்களில் வீடு திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான். இடம் மாறியது, பயம் போனது, பக்கத்தில் இருந்த கூட்டாளிகள் மாறினார்கள், மனைவியும் தாயும் வேலையும் கிடைத்தன. இரசாயனம் அதேதான்.

இப்போது நம் பொடியனைப் பாருங்கள். அந்தச் சிப்பாய்கள் போதை இருந்த இடத்தை விட்டுப் போதை இல்லாத வீட்டுக்குப் போனார்கள். நம் பொடியன் போதை இல்லாத இடத்தில் சுகமாகி, போதை இருந்த வீட்டுக்கு வருகிறான். அதே சந்தி, அதே மதில், அதே ஆட்டோத் தரிப்பிடம், அதே கூட்டாளி, அதே ஆறு மணி. இதைப் படிக்கிற பெரியவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்தாலும் எனக்குப் போதும்.

ஏனென்றால் பழகிய இடம் என்பது வெறும் நினைவு இல்லை, உடம்பு வரைக்கும் இறங்குகிற விஷயம். கனடாவில் ஷெப்பர்ட் சீகல் என்பவர் 1982இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஹெரோயினுக்குப் பழக்கிய எலிகளுக்கு ஒரே அளவில் பெரிய ஊசி போட்டார்கள். வழக்கமாக ஊசி போடும் அறையில் போட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒன்று செத்தது. புது அறையில் போட்டபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு செத்தது. மருந்தும் ஒன்று, அளவும் ஒன்று. மாறியது அறை மட்டும்தான். வழக்கமான அறையைக் கண்டதுமே அந்த எலியின் உடம்பு வரப்போகும் ஹெரோயினுக்கு எதிராகத் தன்னைத் தயார் செய்துவிடுகிறது. மனிதனுக்கும் அப்படித்தான். சந்தியைக் கண்டதும் உடம்பு தயாராகிறது, ஆனால் ஹெரோயின் வரவில்லை. அந்த வெறுமைதான் ஏக்கமாகத் தெரியும். வயிற்றைப் பிசையும், கை வேர்க்கும். மாதக்கணக்கில் சுத்தமாக இருந்தவனுக்கும் அது வரும். “மிஸ்ஸி, நான் நினைக்கவே இல்லை, கால் தானாப் போகுது” என்று என்னிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. உடம்பு எங்கே முடிகிறது, மனம் எங்கே தொடங்குகிறது என்று அந்த இடத்தில் கோடு கீற முடியாது.

இன்னொரு ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மறியலிலோ நிலையத்திலோ இருந்த காலத்தில் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு ஒன்று, வெளியே வந்த முதல் இரண்டு கிழமையில் அளவு கூடிச் சாகிற ஆபத்து அந்த மாநிலத்தின் மற்றவர்களை விட 129 மடங்கு என்று கண்டது. அந்த இரண்டு கிழமையில்தான் நம் ஊர் அவனோடு கதைக்காமல் இருக்கிறது. தனியாக இருக்கிறவன் தனியாகத்தான் பாவிப்பான், தனியாகப் பாவிக்கிறவனைத் தூக்கிவிட ஆள் இருக்காது. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, உதடு நீலமாகி, குறட்டை போல மூச்சு இழுத்தால் ஆளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து உடனே அம்புலன்சின் 1990 இலக்கத்துக்கு அடியுங்கள். அந்த மயக்கத்துக்கு மாற்று மருந்து உண்டு. பக்கத்தில் இருந்த கூட்டாளி பயத்தில் ஓடிவிடுவதால்தான் பல பேர் சாகிறார்கள். உயிரைக் காப்பாற்ற 1990க்கு அடித்தவனை நிருவாகம் விசாரிக்காது, அவன் பெயரை வெளியே விடாது என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க முடியும்.

“விட நினைத்தால் விடலாம்தானே?” என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். போதை ஆளுடைய தெரிவு செய்கிற சக்தியைச் சுருக்குகிறது, முற்றாக அழிப்பதில்லை. அழித்திருந்தால் எந்தச் சிகிச்சையும் வேலை செய்யாது. ஐஸுக்கு என்று அங்கீகரித்த மருந்து இதுவரை கிடையாது. ஆனால் சுத்தமாக இருந்து சலப் பரிசோதனையில் தேறும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு பரிசு கொடுக்கிற முறை ஐஸ், கொக்கெயின் பாவிப்பவர்களிடம் மற்ற முறைகளை விட நன்றாகப் பலித்திருக்கிறது. அதாவது, உடனே கிடைக்கிற ஒரு நல்ல காரியம் இருந்தால் அவனாலும் அதைத் தெரிவு செய்ய முடிகிறது. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுத் தெரிவு செய் என்றால் எதைத் தெரிவு செய்வான்?

ஊரால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு வெறும் நம்பிக்கை மட்டும் இல்லை, அனுபவமும் இருக்கிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் ஹன்ட், அஸ்ரின் என்ற இருவர் 1973இல் ஒரு வேலையைச் செய்து காட்டினார்கள். குடியில் ஊறிய நோயாளிகளுக்கு வழமையான சிகிச்சையோடு வேலை தேடிக் கொடுத்தார்கள், குடும்பத்தைச் சேர்த்துவைத்தார்கள், சனிக்கிழமை இரவில் குடி இல்லாமல் கூடிச் சிரிக்க ஒரு கழகம் திறந்தார்கள். அப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் மற்றவர்களை விடப் பல மடங்கு குறைவாகக் குடித்தார்கள். இதில் ஆஸ்பத்திரி செய்ய முடியாதது எது, நீங்கள் செய்யக்கூடியது எது என்று யோசித்துப் பாருங்கள். வேலை, குடும்பம், கழகம். நம் ஊரில் இந்த மூன்றும் யார் கையில் இருக்கின்றன? திருவிழாவுக்குப் பந்தல் போடவும் நோன்புக் கஞ்சி காய்ச்சவும் ஆளைச் சேர்க்கிறவர்கள் நீங்கள். விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து வாங்கிக் கொடுக்கிறவர்களும் நீங்கள்தான். வயலிலும் மில்லிலும் கடையிலும் வேலைக்கு ஆள் வைக்கிறவர்களும் உங்கள் சபையில்தான் இருக்கிறார்கள்.

குடும்பத்தைப் பற்றியும் ஒன்று. குடிக்கு அடிமையாகிச் சிகிச்சைக்கு வர மறுக்கிறவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று 1999இல் மூன்று முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் கூடி ஆளை நடுவில் இருத்தி நேருக்கு நேர் குற்றம் சொல்கிற முறையில் நூற்றுக்கு 30 பேர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பம் தன்னை மட்டும் பார்த்துக்கொண்டு விலகி இருந்தபோது 13 பேர். சண்டை போடாமல் கதைக்கவும், ஆள் தெளிவாக இருக்கும் நேரத்தில் நன்றாக நடத்தவும், போதையில் இருக்கும்போது விலகி நிற்கவும் தாய்க்கும் மனைவிக்கும் பழக்கிக் கொடுத்தபோது 64 பேர் வந்தார்கள். தாயும் மனைவியும்தான் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் கை. அந்தக் கையைத்தான் உங்கள் தீர்மானம் முதலில் வெட்டுகிறது. ஊர் ஒதுக்கிவிடும் என்று பயந்த தாய் மகனின் விஷயத்தை மறைப்பாள், கிளினிக்குக்கு வரமாட்டாள், அரசாங்க உதவிக் காசில் அவன் கடனை இரகசியமாக அடைப்பாள். மகள் பாவித்தால் சொல்லவே வேண்டாம். பெண் பிள்ளைகள் பாவிப்பதே இல்லை என்று ஊர் நம்புவதால் அவர்கள் எங்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே கெட்டுப்போகிறார்கள்.

சிகிச்சை எடுத்தவன் ஒரு தடவை வழுக்கினால் எல்லாம் வீண் என்கிற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி பாவிக்கிறார்கள். பிரஷர், தொய்வு நோயாளிகள் மருந்தை விட்டுத் திரும்ப மோசமாவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பிரஷர் கூடிய ஐயாவை யாரும் சங்கத்திலிருந்து வெட்டுவதில்லை. வழுக்கியவனுக்கு மிகவும் பொல்லாத எண்ணம், “எப்படியும் பெயர் கெட்டுப்போச்சு, இனி என்ன” என்பது. ஒரு தடவை எடுத்ததை ஒரு மாதமாக்குவது பெரும்பாலும் இரசாயனம் இல்லை, அந்த வெட்கம்தான். பள்ளியிலோ கோயிலிலோ சத்தியம் வாங்கும்போது, சத்தியம் தவறினாலும் மறுநாள் என்னிடம் வா என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடிக்கிற எல்லோரும் அடிமையாவதில்லை. ஏன் இவன் மட்டும்? பாதிக் காரணம் பிறப்பிலேயே வருகிறது, குடிக்கு அடிமையாவதில் ஏறத்தாழ அரைவாசிப் பங்கு பரம்பரைக்கு இருக்கிறது. மீதி வாழ்ந்த வாழ்க்கை. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சிறுவயதில் அடி, அவமானம், வீட்டில் வன்முறை, வீட்டில் குடிகாரர் இருப்பது போன்றவற்றில் நாலு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு கூடியது என்று சொன்னது. நம் பகுதியில் நாலு என்ன? யுத்தம் இருந்தது. காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமி கல்லடியையும் நாவலடியையும் கல்முனையையும் மருதமுனையையும் சாய்ந்தமருதையும் துடைத்துவிட்டுப் போனது. கடனுக்காகத் தாய் மத்திய கிழக்குக்குப் போக, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தத் தாய்மாரைக் குறை சொல்லவில்லை, அவர்கள் அனுப்பிய காசில்தான் கூரை நிற்கிறது. நித்திரை வராத ஒரு மனிதனுக்கு நித்திரையைக் கொடுத்ததால் கசிப்பு அவனுக்கு மருந்தாகப் பட்டது என்பதைச் சொல்கிறேன். அதைப் பறித்தால் அந்த நித்திரையின்மைக்கு வேறு என்ன கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கத்தான் உளவளத்துணையாளரும் மனநல கிளினிக்கும் இருக்கின்றன.

பாவிக்கிறவனே தன் செலவுக்கு நாலு பேருக்கு விற்கிறான், அவனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இது கஷ்டமான கேள்வி. விற்றதற்குச் சட்டம் அவனைப் பார்க்கட்டும். ஆனால் அவனுடைய உம்மாவும் தங்கச்சியும் எதையும் விற்கவில்லை. தவிர, சட்டமும் எல்லோரையும் சிறைக்கு மட்டும் அனுப்பவில்லை. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்றே 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை மறுபடி எடுத்து வாசிக்க வேண்டும் என்பதுதான். விற்கிறவனைப் பற்றிய வரி அப்படியே இருக்கட்டும். பாவிக்கிறவனின் குடும்பத்தை ஒதுக்குகிற வரியை வெட்டுங்கள். அந்த இடத்தில், நிலையத்திலிருந்தோ மறியலிலிருந்தோ வருகிறவனை முதல் கிழமைகளில் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று நம்பிக்கையான ஆட்களை நியமியுங்கள். வயது கூடியவர்கள் மட்டும் வேண்டாம், அவனோடு பந்தடித்த ஒருவரும் இருக்கட்டும், முன்னர் பாவித்து விட்ட ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தச் சந்தி வழியே போகாமல் அவன் வேலைக்குப் போக ஒரு வழி பாருங்கள். படுவான்கரையின் தூரக் கிராமங்களிலிருந்தும் பொத்துவில், திருக்கோவில் பக்கத்திலிருந்தும் கிளினிக்குக்கு வந்து போக பஸ் காசு ஒரு தடையாக இருக்கிறது, சங்கத்துப் பணத்தில் அதற்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும், அம்புலன்சின் 1990ஐயும் கோயில் மதிலிலும் பள்ளிவாசல் பலகையிலும் பெரிதாக எழுதிவையுங்கள். உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியையும் மனநலப் பிரிவினரையும் ஒரு தடவை கூட்டத்துக்கு அழையுங்கள்.

கூட்டத்துக்கு நானும் வருவேன். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று எனக்கு இல்லை. பெண்கள் தனியாகக் கேட்க விரும்பினால் மாதர் சங்கத்திலோ மத்ரஸாவிலோ தனியாக உட்கார்ந்து கதைக்கலாம். நாளையும் நேரத்தையும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
மட்டக்களப்பு